ஆரஞ்சு விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள்?

கூலிம் ஹைடெக் பார்க் பக்கம் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டின் உள்ளே சுழலும் பளபளப்பான வட்டத் தகடுகள் அங்கேயே செய்யப்பட்டிருக்கின்றன. ஃபூஜி எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கூலிம் ஆலை அந்தத் தகடுகளைத் தயாரித்து உலகச் சந்தைக்கு அனுப்பி வந்தது. பக்கத்துப் பினாங்கில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலைகள். பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி பக்கத்துத் தோட்டக் குடும்பங்களிலிருந்து விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போனவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆக, வன்தட்டு நமக்கு அந்நியமான பொருள் அல்ல. ஆனால் அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்பது மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் அது ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். மேசைக் கணினியில் இருக்கும் மூன்றரை அங்குல வன்தட்டின் உள்ளே உள்ள தகடு ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. கணக்குப் போட்டால் தகட்டின் வெளி விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போனால் சம்மன் வரும். அந்தத் தகட்டுக்கு மேலே, எழுதிப் படிக்கும் முனை சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. மனித முடியின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் இப்படி ஓடும் இயந்திரம் ஒருநாள் நிற்கத்தான் செய்யும்.

எவ்வளவு அடிக்கடி? பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் தன்னிடமுள்ள லட்சக்கணக்கான வன்தட்டுகளின் கணக்கை வெளியிட்டு வருகிறது. 2024-ஆம் ஆண்டில் அவற்றில் 1.57 விழுக்காடு செயலிழந்தன. நூற்றில் ஒன்றரை என்பது அற்பமாகத் தோன்றும். நான்கு வன்தட்டுகளை ஐந்து ஆண்டுகள் ஓடவிட்டால் அவற்றில் ஒன்றாவது சாக வாய்ப்பு எவ்வளவு என்று அதே விகிதத்தில் கணக்கிட்டால் 27 விழுக்காடு வருகிறது. நான்கு வீட்டில் ஒரு வீடு. அதுவும் குளிரூட்டிய தரவு மையத்துக் கணக்கு. நம் ஊர் வெயிலையும் மாலை இடியையும் அந்த நிறுவனம் கணக்கில் சேர்க்கவில்லை.

இதனால்தான் முக்கியமான கோப்புகள் வைத்திருப்பவர்கள் ஒரே வன்தட்டை நம்புவதில்லை. திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்கள், ஆலய நிர்வாகங்கள், கணக்காய்வு அலுவலகங்கள் என்று பல இடங்களில் இப்போது நான்கு வன்தட்டுகள் செருகிய சிறிய பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். நாஸ் பெட்டி என்பார்கள். அதன் உள்ளே வேலை செய்யும் ஏற்பாட்டுக்குப் பெயர் ரெய்டு. 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இதற்கு அடிப்படை. விலை உயர்ந்த பெரிய வட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறிய வட்டுகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுங்கள், ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும் என்பது அவர்களின் வாதம். ரெய்டு என்ற பெயரில் இருந்த 'மலிவான' என்ற சொல்லைப் பின்னர் விற்பனையாளர்கள் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். மலிவு என்று பெயர் வைத்துவிட்டு விலையைக் கூட்ட முடியாதல்லவா!

ஒன்று செத்தால் மற்றவை எப்படிக் காப்பாற்றும்? இதற்குத் தோட்டத்துப் பால் நிறுவையே போதும். மூன்று பேர் பால் கொண்டு வருகிறார்கள். கிராணி நிறுத்து எழுதுகிறார்: முதலாமவர் 31 கிலோ, இரண்டாமவர் 27, மூன்றாமவர் 34. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள். நான்காவது தாளில் மொத்தம் 92 என்று எழுதிவைக்கிறார். மழையில் இரண்டாமவரின் தாள் நனைந்து மை கரைந்துவிட்டது. கவலையில்லை. 92-இலிருந்து 31-ஐயும் 34-ஐயும் கழித்தால் 27 கிடைத்துவிடும். நான்கு தாள்களில் எந்த ஒன்று போனாலும் மீதி மூன்றை வைத்து அதைத் திரும்ப எழுதலாம்.

ரெய்டு 5 என்ற அமைப்பு செய்வது இதைத்தான். கணினிக்கு எல்லாமே 0, 1 என்பதால் அது கூட்டுவதற்குப் பதில் ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறது. மூன்று வன்தட்டுகளில் 1, 0, 1 என்று இருந்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரண்டு, இரட்டைப்படை. ஆகவே நான்காவதில் 0. முதல் வன்தட்டு செத்தால் மீதம் 0, 1, 0. ஒன்று ஒரே ஒரு தடவைதான் வருகிறது, ஒற்றைப்படை. இரட்டையாக வேண்டுமானால் தொலைந்தது 1 ஆகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பு எண்ணைப் பேரிட்டி என்பார்கள். உண்மையில் பேரிட்டி ஒரே வன்தட்டில் இருப்பதில்லை. நான்கிலும் மாறி மாறி எழுதப்படுகிறது. நான்கு டெராபைட் வன்தட்டுகள் நான்கு போட்டால் பதினாறு டெராபைட் கிடைக்காமல் பன்னிரண்டு மட்டுமே கிடைப்பதன் காரணம் இதுதான்.

இரண்டு தாள்கள் ஒரே சமயத்தில் நனைந்தால்? இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து 61 கிலோ என்பது மட்டும் தெரியும். யார் எவ்வளவு என்பது தெரியாது. இங்கே ரெய்டு 5 கை விரித்துவிடும். ரெய்டு 6 என்ற அமைப்பில் கிராணி இன்னொரு தாளும் வைத்திருப்பார். அதில் முதலாமவரின் எடையை ஒன்றாலும் இரண்டாமவருடையதை இரண்டாலும் மூன்றாமவருடையதை மூன்றாலும் பெருக்கிக் கூட்டி 187 என்று எழுதியிருப்பார். தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடுகள் இரண்டு. முதலாம் படிவக் கணிதம் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் 27, 34 என்று விடை வந்துவிடும். கணினி பயன்படுத்தும் கணக்கு இதைவிடச் சிக்கலானது, கருத்து இதுவே.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒருநாள் காலை அந்தப் பெட்டி 'பீப் பீப்' என்று கத்துகிறது. பச்சை விளக்குகளுக்கு நடுவே ஒன்று ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கிறது. கணினியில் திறந்து பார்த்தால் எல்லாக் கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. படங்கள் திறக்கின்றன, கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு முறையும் தொலைந்த பகுதியைக் கணக்குப் போட்டு எழுப்ப வேண்டியிருப்பதால் அந்த மெதுவு. பலர் செய்வது என்ன தெரியுமா? பீப் சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். 'அதுதான் ஓடுகிறதே, சம்பளம் வந்ததும் மாற்றலாம்.'

இந்த எண்ணம்தான் ஆபத்து. நான்கில் ஒன்று போன அந்த நொடியிலிருந்து உங்கள் பெட்டிக்குப் பாதுகாப்பே கிடையாது. நான்காவது தாள் தீர்ந்துவிட்டது. இனி எந்த வன்தட்டு போனாலும் எல்லாம் போயிற்று. அடுத்தது போக வாய்ப்பும் சாதாரண நாளைவிட அதிகம். ஏனென்றால் நான்கையும் ஒரே கடையில், ஒரே நாளில், பெரும்பாலும் ஒரே உற்பத்தித் தொகுதியில் வாங்கியிருப்பீர்கள். ஒரே அறையில், ஒரே வெப்பத்தில், ஒரே எண்ணிக்கை மணி நேரம் அவை ஓடியிருக்கின்றன. அண்ணனுக்கு வந்த நோய் தம்பிக்கும் வரும். கூகல் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி உண்டு. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய வன்தட்டு அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காட்டாததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செத்த வன்தட்டுகளில் பாதிக்கும் மேலானவை முக்கிய எச்சரிக்கை அளவுகள் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை என்பதும் தெரிந்தது. மீதி மூன்றும் பச்சையாக எரிகின்றன என்பதற்காக அவை நலமாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை.

ஆகவே முதல் வேலை புதிய வன்தட்டு வாங்கக் கடைக்கு ஓடுவதல்ல. பெட்டி இன்னும் படிக்கிறதா? இழக்கவே முடியாதவற்றை உடனே ஒரு வெளி வன்தட்டில் நகல் எடுங்கள். எல்லாவற்றையும் எடுக்க நேரமில்லை என்றால் வேறெங்கும் கிடைக்காததை முதலில் எடுங்கள். இணையத்தில் திரும்பப் பதிவிறக்கக் கூடிய படமும் பாட்டும் கடைசியில் போகட்டும்.

அடுத்து, செத்தது எது என்று உறுதி செய்வது. சிரிக்காதீர்கள், இந்த வேலையில் மிகப் பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. கெட்டதை விட்டுவிட்டு நல்லதை உருவிவிடுவார்கள். ஒன்று ஏற்கெனவே செத்த ரெய்டு 5 பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றை உருவினால் அது இரண்டாவது மரணம். பெட்டி 'மூன்றாவது வன்தட்டு' என்று சொன்னால் எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது? சில பெட்டிகள் 1-இலிருந்து எண்ணும், சில மென்பொருள்கள் 0-இலிருந்து எண்ணும். எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு வன்தட்டின் மேலும் ஒட்டியிருக்கும் தாளில் வரிசை எண் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியின் நிர்வாகப் பக்கத்திலும் அதே எண் தெரியும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் அது. பெட்டி நலமாக இருக்கும் இன்றே ஒவ்வொரு வரிசை எண்ணையும் சிறு தாளில் எழுதி இழுப்பறையின் முன்பக்கம் ஒட்டிவிட்டால் அந்த நாளில் கை நடுங்காது.

வாங்கும்போது பழையதன் கொள்ளளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் பெட்டி ஏற்காது. இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். சில வன்தட்டுகளில் தடங்களைக் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவார்கள். எஸ்.எம்.ஆர். என்று பெயர். இடம் மிச்சமாகும், ஆனால் ஓரிடத்தில் மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். மறுகட்டமைப்பின்போது இவை இழுத்தடிக்கும். நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில மாதிரிகள் இந்த வகை என்பது 2020-இல் வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. பின்னர் அந்த நிறுவனம் பழைய முறையில் எழுதுபவற்றை ரெட் பிளஸ் என்று தனியே பிரித்தது. 'சி.எம்.ஆர். வகை வேண்டும்' என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

மாற்றும் வேலை ஐந்து நிமிடம். ஓடும்போதே மாற்றக்கூடிய பெட்டி என்றால் மின்சாரத்தை நிறுத்த வேண்டாம். அந்த வசதி இல்லாத பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டுச் செய்யுங்கள். இழுப்பறையைச் சற்றே வெளியே இழுத்து அரை நிமிடம் காத்திருங்கள். உள்ளே தகடு இன்னும் சுழன்றுகொண்டிருக்கலாம். சுழலும்போது சாய்த்தால் முனை தகட்டில் உரசும். நின்றபின் முழுதாக எடுங்கள். புதியதைப் பக்கவாட்டில் பிடியுங்கள், அடியில் தெரியும் மின்சுற்றைத் தொடாதீர்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமலே அதைக் கொன்றுவிடும். செருகியதும் சில பெட்டிகள் தாமே வேலையைத் தொடங்கும். சிலவற்றில் நிர்வாகப் பக்கத்துக்குப் போய்ப் 'பழுதுபார்' அல்லது 'மறுகட்டமை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். 'புதிதாக உருவாக்கு' என்று பக்கத்தில் இன்னொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி உங்களை நம்பி எல்லாவற்றையும் அழித்துவிடும். புரியாத பொத்தானை அழுத்துவதைவிட இரவு முழுதும் யோசிப்பது மேல்.

செத்த வன்தட்டையே திரும்பச் செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. சில சமயம் அது எழுந்துகொள்ளும். அதில் இருப்பது செத்த நாளின் பழைய கணக்கு. அதை வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் புதிய கணக்கோடு குழம்பிக் கோப்புகள் சிதையும்.

இனி காத்திருப்பு. நான்கு டெராபைட்டை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் ஆகும். எட்டு டெராபைட் என்றால் பதினைந்து. இடையில் நீங்கள் படம் திருத்திக்கொண்டிருந்தால் ஓரிரு நாள்கூட இழுக்கும். இந்த நேரம் முழுவதும் மீதி மூன்று வன்தட்டுகளும் முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை மூச்சுவிடாமல் படிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத மூலையில் படிக்க முடியாத ஒரு பகுதி இருந்தால் அது இப்போதுதான் வெளிப்படும். இரண்டாவது வன்தட்டு சாவதும் பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான். நகல் எடுப்பதை முதல் வேலை என்று சொன்னதன் காரணம் புரிந்திருக்கும். மாதம் ஒருமுறை எல்லாத் தடங்களையும் தானே படித்துச் சரிபார்க்கும் வசதி இந்தப் பெட்டிகளில் உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால் அத்தகைய மூலைகள் முன்பே தெரிந்துவிடும்.

மறுகட்டமைப்பு ஓடும்போது பெட்டியை அணைக்காதீர்கள், காற்றோட்டத்தை மறைக்காதீர்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாத மாலைகளில் கெடாவில் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேளையில் இதைத் தொடங்குவது துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம்.

ஒருவேளை இரண்டாவதும் ஆரஞ்சாகிவிட்டால்? பெட்டியை அணையுங்கள். வேறு எதையும் முயலாதீர்கள். வன்தட்டுகளை வரிசை மாறாமல் எண்ணிட்டுத் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டு போங்கள். செலவு கடுமையாக இருக்கும். ஆனால் நாமே பத்து முறை முயன்று பார்த்தபின் கொண்டுபோனால் அவராலும் முடியாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ரெய்டு காப்பாற்றாத ஆபத்துகள் உண்டு. பிள்ளை தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது நான்கு வன்தட்டிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் வந்தால் நான்கையும் சேர்த்தே பூட்டும். வெள்ளத்துக்கும் தீக்கும் நான்கு வன்தட்டு ஒரு பெட்டிதான். 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டம் குப்பாங்கில் மலையிலிருந்து மரங்களோடு இறங்கிய வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கம்போங் இபோய் பகுதியில் மூவர் உயிரிழந்தனர். வீடுகளே போன இடத்தில் வன்தட்டைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் அந்த வீடுகளிலும் படங்களும் பத்திரங்களும் இருந்திருக்கும்.

பெரிய அரசுகளும் இதில் தப்புவதில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் ஆவணங்களைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியே வேறு நகல் வைத்திருக்கவில்லை.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று இருக்கிறது: நகல் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பது இணைய மேகமாக இருக்கலாம். அலோர்ஸ்டாரில் இருக்கும் அக்காள் வீட்டு அலமாரியில் வைத்த ஒரு வெளி வன்தட்டாகவும் இருக்கலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றி எடுத்து வந்தால் போதும். நம் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் இல்லை, பழைய பள்ளிக் கட்டடங்கள் பல இடம் மாறிவிட்டன. அந்த வாசலில் நின்று எடுத்த வகுப்புப் படத்தை யாரோ ஒருவர் தேடிப் பிடித்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். இனி அந்த இடத்துக்குப் போய் மறுபடி எடுக்க முடியாது. இன்று உங்கள் பெட்டியில் இருக்கும் கோப்புகளில் அப்படிப்பட்டவை எவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். பெரும்பாலும் அவை ஒரு சிறிய வெளி வன்தட்டில் அடங்கிவிடும்.

கடைசியாக, எடுத்துப் போட்ட அந்தப் பழைய வன்தட்டு. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் தயாரிப்பாளர் மாற்றித் தருவார். வரிசை எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். முடிந்துவிட்டால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் உங்கள் வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகலோ சம்பளப் பட்டியலோ துண்டு துண்டாக இன்னும் இருக்கலாம். தகட்டில் துளையிட்டால் சாதாரணமாக யாரும் படிக்க முடியாது. கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள், மடிக்கணினி வன்தட்டுகளின் தகடு பல கண்ணாடியால் ஆனவை, உடைந்து தெறிக்கும். துளையிடுமுன் திறந்து பார்த்தால் முனையை நகர்த்தும் இரண்டு நியோடிமியக் காந்தங்கள் கிடைக்கும். அறிவியல் பாடத்துக்கு அவற்றைவிட வலுவான காந்தம் இலவசமாகக் கிடைக்காது. விரலை மட்டும் இடையில் வைக்காதீர்கள். மிச்சத்தை மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுங்கள். 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி மலேசியாவில் மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற தனிக் குறியீட்டின் கீழ் வருகிறது.